மூன்று துளை நட்டு

பட்டறையில் அவனுக்கு அரைநூல் என்று பெயர். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சரும் கொத்தரும் அந்தக் கணக்கில் பேசுவார்கள். அதிலும் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் அவன் ஒருவன்தான். முதலாளி வீட்டுக்குப் புதுக்கதவு மாட்டிய அன்று எல்லோரும் மரத்தைத் தட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கீழ்க் கீல் பக்கம் குனிந்து, "அரை நூல் தூக்குது" என்றானாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள ரசீதில் மட்டும்தான் பார்க்கலாம்.

பேச்சும் அதே அளவுதான். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். சாப்பாடு கீழே. "இவன் வாயிலேர்ந்து ஒரு வாக்கியம் வர்றதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடும்" என்பாள் அக்கா. அத்தான் நல்ல மனுஷர், அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார்.

இருபது வருஷமாக லேத்தில் நிற்கிறான். தண்ணீர் பம்புக்கு அச்சு கடைவது வேலை. ஆனால் அந்த வட்டாரத்தில் அவனை அறிந்தவர்கள் பம்பை வைத்து அறியவில்லை, சைக்கிளை வைத்துத்தான் அறிந்தார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. முப்பது வயதில் அவன் ஒரு முறை மூன்று நாள் வெளியூர் போகும்போது சைக்கிளை ரயில் நிலையத்துக் கம்பத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது கம்பம் இருந்தது, சங்கிலி இருந்தது, பூட்டு பத்திரமாக இருந்தது. சீட், பெல், இரண்டு சக்கரம், கைப்பிடி எதுவும் இல்லை. மீன் தின்று முடித்த முள் மாதிரி சட்டம் மட்டும் நின்றது. பூட்டைத் திறந்து அந்தச் சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தான். அக்கா சிரித்த சிரிப்பில் அண்டை வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவன் சிரிக்கவில்லை, யோசித்தான். திருடன் பூட்டைத் தொடுவதேயில்லை, நட்டைத்தான் தொடுகிறான். அவன் கையில் இருப்பது ஸ்பேனர். ஸ்பேனருக்குப் பிடிக்க மூலை வேண்டும். மூலையே இல்லாத நட்டை அவன் என்ன செய்வான்?

அப்படித்தான் மூன்று துளை நட்டு பிறந்தது. கெட்டி எஃகில், குமிழ் மாதிரி உருண்டையாக, எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கும்படி கடைவான். தலையில் மூன்று சின்னத் துளைகள். அவற்றுக்கு இடையிலான தூரம் ஒன்றுபோல் இருக்காது. அந்தத் தூரங்களுக்குச் சரியாக மூன்று முள் வைத்த ஒரு சாவி இருந்தால்தான் நட்டு அசையும். முதலில் தன் சைக்கிளுக்குப் போட்டான். பிறகு மேஸ்திரிக்கு, வெல்டருக்கு, அத்தானுக்கு. காசு வாங்க மாட்டான். யாரையாவது பிடித்துப்போனால், "வண்டிய எங்க நிறுத்துறீங்க?" என்று கேட்பான். அவனிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பிரியம் அது.

சாவிகள் அவன் லேத்துக்குப் பின்னால் சுவரில், ஆணியில் தொங்கும். அது பட்டறைச் சட்டம். லேத்தின் வாயை முறுக்குகிற சாவியை மறந்து அதிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டால், அது பறந்து வந்து மூஞ்சியைப் பெயர்த்துவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி ஒவ்வொருவருக்கும் ஓதுகிற மந்திரம்: சாவி ஒன்று கையில் இருக்கணும், இல்லை ஆணியில் இருக்கணும், மூன்றாவது இடம் கிடையாது. யார் கைக்கும் மாறவும் கூடாது. இருபது வருஷம் அந்த மந்திரத்தைக் கேட்டவனுக்கு, எந்தச் சாவியைச் செய்தாலும் கை தானாக ஆணியைத் தேடிப் போகும்.

ஊசியம்மா வந்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டு சேர்க்கிறவள் அவள். முப்பத்தெட்டு வயசு இருக்கும். கேரியரில் ஐஸ் வைத்த நீலப் பெட்டி. தெருப் பிள்ளைகள் அவள் மணிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அன்றைக்கு அவள் நின்றுகொண்டே மிதித்து வந்தாள். சைக்கிளில் சீட் இல்லை.

நாலு தெரு இப்படியே வந்தேன், ஏதாவது பழைய சீட் கிடைக்குமா, விலைக்குத்தான் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். நான்காவது மாடியில் ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்தி ரத்தம் எடுத்துவிட்டு இறங்குவதற்குள் கழற்றிவிட்டார்களாம். இது மூன்றாவது சீட்டாம். இரண்டாவது போன பிறகு, சீட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டே மாடி ஏறிக்கொண்டிருந்தாளாம். அதைப் பார்த்து நோயாளிகள் என்னமோ புது மெஷின், நமக்குத்தான் வைக்கப்போகிறாள் என்று பயந்து நடுங்க ஆரம்பித்ததால் அதையும் விட்டுவிட்டாளாம். வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

அரைநூல் மெஷினை நிறுத்தினான்.

"வண்டிய எங்க நிறுத்துறீங்க?" என்றான்.

"ஒரு காலைக்குப் பன்னெண்டு வாசல்" என்றாள் அவள்.

மேஸ்திரி பரணிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஆறு நட்டுகள் கடைய இவனுக்கு நாலு நாள் ஆயிற்று. சக்கரத்துக்கு மூன்று, நான்காவது இடத்தில், செயின் பக்கம், நட்டுக்குப் பதிலாக அச்சையே தலை வைத்துக் கடைந்துவிட்டான். சீட்டுக்கு ஒன்று, நீலப் பெட்டியைக் கேரியரோடு சேர்த்துக் கட்ட இரண்டு. மற்றவர்களுக்கெல்லாம் துளைகளுக்கு ஒரே அளவு. இவளுக்கு மட்டும் வேறு அளவு, வேறு சாவி. மேஸ்திரி இரண்டு சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா அரைநூலு, எங்களுக்கெல்லாம் ஒரே அளவு, அந்தம்மாவுக்கு மட்டும் தனியா?"

"தெருவுல நிக்கிற வண்டி மேஸ்திரி."

"ஆமாமா. நாங்கல்லாம் வண்டியக் கட்டில்ல படுக்க வச்சுப் போத்தி விடுறோம்."

மாட்டி முடித்ததும் அவள் சாவிக்குக் கை நீட்டினாள். அவன் அதைத் துணியில் துடைத்து ஆணியில் மாட்டினான். தொலைந்தால் மறுபடி அதே அளவு வராது, இங்கேயே இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றான். மற்றவர்கள் சாவியும் அங்கேதான் தொங்கியது. ஆனால் மற்றவர்கள் தினமும் பட்டறைக்கு வருகிறவர்கள், அத்தானோ அதே வீட்டுக்காரர். அந்த வித்தியாசம் அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அவளும் வந்தாள். செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தை இழுத்துக் கட்ட வேண்டும், அதற்குச் சாவி வேண்டும். சீட் ஒரு விரல் இறங்கிவிட்டால் அதற்கும் வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தரம், பரிசோதனைக்கூடத்தில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருவாள். கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, லேத்திலிருந்து நீலமாகச் சுருண்டு விழும் இரும்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். முகம் மறந்துபோகுமாம், கை மறக்காதாம். இன்னார் கையில் நரம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று தெருத்தெருவாகச் சொல்வாள். தம்பியைப் படிக்க வைத்ததும், அவன் கல்யாணம் கட்டி வேறு ஊர் போனதும், இரண்டு அறை வீட்டில் ரேடியோவைப் பேச விட்டுச் சமைப்பதும் எல்லாம் இடையிடையே வரும். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் போன பிறகு அந்த மரப்பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது.

ஆறாவது மாதம் முடிவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். வாக்கியம் ஒன்றைத் தயார் செய்தான். ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் அதிகமாகப் பட்டது, சீவினான். மறுபடி சீவினான். கடைசியில் கையில் வாக்கியமே மிஞ்சவில்லை. போகட்டும், அடுத்த தடவை செயின் தொய்யும்போது கேட்போம் என்று விட்டான்.

இப்படி இருக்கையில் முதலாளி அவனை ஒரு மில்லுக்குப் பம்பு மாட்ட இரண்டு நாள் வெளியூர் அனுப்பினார். அதில் ஒரு நாள் மின்சாரம் இல்லை என்று பட்டறையும் மூடிக் கிடந்தது. அந்த நாள் பார்த்து, பெட்டியில் ஒன்பது பேர் ரத்தத்தோடு போய்க்கொண்டிருந்தவளின் பின்சக்கர டியூப் பட்டென்று வெடித்தது.

சைக்கிள் கடைக்காரர் டியூபை மாற்ற வேண்டும் என்றார். மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பேனர் வழுக்கியது, குழாய் முறுக்குகிற குறடு வழுக்கியது. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார், உளி முனை மழுங்கியது. "இதைச் செஞ்சவர் கையக் கண்ணுல ஒத்திக்கணும்மா. ஆனா இன்னிக்கு உங்களுக்கு வண்டி கிடையாது" என்றாராம். சரி, பெட்டியை மட்டுமாவது எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கலாம் என்றால், பெட்டியும் அசையவில்லை. அவள் ஐஸையும் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களையும் ஒரு பாலிதீன் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பஸ் வந்து, ஏறி, இறங்கி, கூடத்தை அடைந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. நாலு பேர் ரத்தம் கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போட்டார்கள். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, தட்டையான சக்கரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். நடந்ததை மேஸ்திரியிடம்தான் சொன்னாள், அவனிடம் இல்லை. சொல்லி முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அந்த நாலுல ஒருத்தருக்கு எண்பது வயசு. நரம்பு கிடைக்காம மூணு தடவை குத்தி எடுத்தது. நேத்து போய் மறுபடி குத்திட்டு வந்தேன். சாவியக் குடுங்க."

அவன் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கழற்றித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் ஏற்கனவே குனிந்துவிட்டாள். முள்ளைத் துளையில் வைத்து, எந்தப் பக்கம் என்று வெல்டரிடம் கேட்டு, தானே கழற்றினாள், கடையில் வாங்கி வந்த டியூபைத் தானே போட்டாள், தானே முடுக்கினாள். ஒருவரும் மெஷினைப் போடவில்லை. எழுந்து சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திருடன் சீட்டைத்தான் எடுத்தான். நீங்க வண்டியவே எடுத்துட்டீங்க."

மூன்று வாரம் ஆயிற்று. அவள் மணிச்சத்தம் பட்டறை இருக்கும் தெருவிலேயே கேட்கவில்லை, வேறு வழியாகப் போகிறாள் போலும். அவன் கடைந்த அச்சுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, அதுதான் மேஸ்திரிக்குக் கவலையாக இருந்தது. மனம் கெட்டவன் ஒரு வேலையாவது கெடுக்க வேண்டாமா?

அக்காவுக்கு அத்தான் மூலம் விஷயம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாவிய ஏன்டா குடுக்கல?"

பட்டறைச் சட்டம் என்றான்.

"சட்டமாம் சட்டம். குடுத்துட்டா அந்தம்மா வரமாட்டாங்கன்னு பயம் உனக்கு. வரணும்னு ஆசை இருந்தா வாங்கன்னு சொல்லணும். வண்டியப் புடிச்சு வச்சுக்கிட்டா, வந்தவங்க உன்னப் பாக்க வந்தாங்களா நட்டப் பாக்க வந்தாங்களான்னு உனக்கே தெரியாதே."

அத்தான் செய்தித்தாளைத் தூக்கவில்லை. அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பிறகு, "ஆமாக்கா" என்றான். அவனிடமிருந்து அவ்வளவு சுலபமாக ஒரு பதில் வந்ததில் அக்காவே திகைத்துப்போனாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு சொன்னான். சைக்கிள் கடையில் சாதாரண நட்டு ஏழும், அதற்குத் தோதாக ஒரு சாதாரண அச்சும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். யார் கையிலும் கழலக்கூடிய, மூலை வைத்த, ஊர் உலகத்து நட்டு. வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருப்பாள் என்று அவள் பேச்சிலிருந்தே தெரியும். வாசலில் சைக்கிள் நின்றது. பக்கத்தில் நின்று காத்திருந்தான்.

சும்மா நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பின்சக்கரம் அரை நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மனம் கேட்கவில்லை. குனிந்தான், ஸ்பேனர் பையிலிருந்து பாதி வெளியே வந்தது, கை சக்கரத்தில் பட்டது. பின்னாலிருந்து சட்டைக் காலர் இறுகியது.

"மாட்டுனியா" என்றார் காவலாளி. பையை உதறினார். தரையில் நட்டு நட்டாக உருண்டது. "எத்தன வண்டியிலேர்ந்து கழட்டுன?"

வாங்கியது என்றான். இந்த வண்டியில் மாட்ட வந்தேன் என்றான். வண்டிக்காரியைத் தெரியும் என்றான்.

"தெரியுமா? பேரச் சொல்லு பாப்போம்."

பெயர் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும். ஆனால் அதை ஒரு தடவைகூட அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது ஒரு காவலாளியிடம், காலர் பிடியில் நின்றுகொண்டு, முதல் முதலாக அதைச் சொல்ல வேண்டும் என்றதும் அவன் தரையில் உருண்ட நட்டுகளை எண்ண ஆரம்பித்தான்.

"பேரே தெரியாது, வண்டி தெரியுமாம்" என்று காவலாளி கூட்டத்துக்குச் சொன்னார். பால்காரரும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கூட்டமாகியிருந்தார்கள்.

அவள் ஊசிப் பையோடு படி இறங்கி வந்தாள். காலரைப் பார்த்தாள், தரையில் கிடந்த நட்டுகளைப் பார்த்தாள்.

"இவரத் தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என் வண்டியில கை வைக்கிறதே இவருக்கு வேல" என்றாள். பிடி இன்னும் இறுகியது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "விடுங்கய்யா. திருடத் தெரிஞ்ச ஆள் இல்ல."

காவலாளிக்கு ஏமாற்றம். கூட்டம் கலைந்தது. அவன் குனிந்து நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன், இனி எந்தக் கடையிலும் கழற்றலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். வேண்டாம் என்றாள். நட்டு நல்ல நட்டு, ஆறு மாசமாக ஒரு சாமான் போகவில்லை, சாவிதான் இப்போது என்னிடம் இருக்கிறதே என்றாள்.

"அந்தப் பெரியவரப் பாக்கணும்" என்றான் அவன். "என்னாலதானே."

அவள் ஊசிப் பையைத் தோளில் மாட்டினாள். அடுத்தது அவர் வீடுதான், இதே கட்டடம், பக்கத்துப் படிக்கட்டு என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

பெரியவர் ஜன்னலோர நாற்காலியில், கையை முன்கூட்டியே சுருட்டிவிட்ட சட்டைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மேல்கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தேடி விரலால் தட்ட ஆரம்பித்தாள். அரைநூல் கதவோரம் நின்றான்.

"அன்னிக்கு உங்களுக்கு ரெண்டாவது நாளும் குத்த வேண்டி வந்தது என்னாலங்க. அவங்க வண்டிச் சாவிய நான் வச்சிருந்தேன். தப்பு" என்றான்.

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "குத்துனது இந்தம்மா. மன்னிப்புக் கேக்கறது நீங்க. அவங்க வண்டிச் சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு? நீங்க யாரு அவங்களுக்கு?"

"அதத்தான் நானும் ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள், நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதில் வரல."

சீவுவதற்கு இனி நேரமில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "சாவி குடுத்துட்டா வரமாட்டீங்கன்னு குடுக்கல. வராட்டியும் பரவால்ல. கேட்டுட்டேன்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அம்மா, பதில் எதுவா இருந்தாலும் சரி, முதல்ல இந்த ரப்பர அவுத்துடுங்க. கை மரத்துப் போச்சு" என்றார் பெரியவர்.

அவள் அவிழ்த்தாள். திரும்பக் கட்டினாள். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. குழாயை மூடி, பெயர் எழுதி ஒட்டி, பையில் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்ககிட்ட நான் பேசணும்" என்றாள். கையிலிருந்த பஞ்சைக் காட்டி, "இப்ப வந்து இதப் புடிங்க. நான் எழுதணும்" என்றாள்.

அவன் வந்து பெரியவர் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஐயா" என்றார் பெரியவர். "இது கை. நட்டு இல்ல."